ராடு ஓவன் தந்தவர்களுக்கும் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நடக்கும் எங்கள் வெல்டிங் பயிற்சிப் பட்டறைக்கு மோபெனி, ஜேக்கப்ஸ், பைன்டவுன் பக்கத்துத் தொழிற்சாலைகளும், அவற்றின் கணக்கர்களும், ஃபோர்மேன்களும், கோயில் மண்டபத்து அக்காமாரும் செய்த உதவிக்காக இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. என்ன தந்தீர்கள், அது எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறோம். நாளைக்கு இன்னொரு கம்பெனி இப்படி ஒரு பட்டறைக்குக் கைகொடுக்க நினைத்தால், எதில் தொடங்குவது என்று அதற்குத் தெரியவேண்டும்.

முதல் நன்றி ராடு ஓவனுக்கு, அதாவது வெல்டிங் ராடுகளை ஈரம் படாமல் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்கு.

பணம் ஒதுக்கியபின் பெரும்பாலான கம்பெனிகள் பெயர்ப்பலகையும் டி-ஷர்ட்டும் அச்சடித்துத் தருவார்கள். நீங்கள் தருமுன் பயிற்றுநரைக் கேட்டீர்கள். அவர் ஓவன் என்றார், ஓவனையே வாங்கி அனுப்பினீர்கள். டர்பன் காற்றில் எப்போதும் கடல் ஈரம். கோடையில் காலையில் பாக்கெட் பிரித்த 7018 வகை வெல்டிங் ராடு, மதியத்துக்குள் தன் மேற்பூச்சில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பற்றவைக்கும்போது அந்த ஈரம் சூட்டில் பிரிந்து, ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் போய்விடும். அதனால் வெல்டில் ஊசித்துளைகள் விழும். அதைவிட ஆபத்து, பார்வைக்குப் பழுதே இல்லாத வெல்டு ஆறியபிறகு, சில சமயம் 48 மணி நேரம் கழித்துக்கூட, ஓரத்தில் விரிசல் விடுவது. பழகும் பிள்ளைக்கு இது தெரியாது. கையில்தான் தவறு என்று நினைத்து ஆம்பியரைக் கூட்டிப் பார்க்கும், குறைத்துப் பார்க்கும், சரியாக ஓடிக்கொண்டிருந்த கையின் வேகத்தையும் மாற்றிக்கொள்ளும். ஈர ராடில் பழகியவர் இப்படிக் கற்றுக்கொண்ட தவறை மறக்க மாதக்கணக்காகும்.

இப்போது 7018 ராடுகள் 120 டிகிரி சூட்டில் ஓவனிலேயே இருக்கின்றன. நான்கு மணி நேர வேலைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்கிறோம். ஈரம் பட்டுவிட்டது என்று தோன்றினால், தயாரிப்பாளர் பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில், பொதுவாக 300 முதல் 350 டிகிரியில், இரண்டு மணி நேரம் காயவைக்கிறோம். திரும்பத் திரும்பச் சுட்டால் பூச்சு உதிர்ந்துவிடும், அப்படி உதிரும் ராடு குப்பைக்குத்தான். 6013 வகை ராடுகளை இந்த ஓவனில் வைப்பதே இல்லை. அதன் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்கவேண்டும், அதிகமாகக் காய்ந்தால் தீ சரியாக நிற்காது. தட்டுகளைப் பிரித்து, மேலே சாக்கட்டியால் எண் எழுதியிருக்கிறோம்.

ஓவனோடு உங்கள் பராமரிப்பு எலெக்ட்ரீஷியனையும் ஒரு தெர்மாமீட்டரோடு அனுப்பினீர்களே, அதற்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். இப்படிப்பட்ட ஓவன்களில் குமிழ் 120 என்று காட்டும்போது உள்ளே 80 டிகிரிதான் இருக்கலாம். அளந்து பார்க்காத ஓவன், ஓவன் இல்லாததைவிட மோசம். ராடு காய்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லோரும் ஈர ராடையே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது துண்டு இரும்பு. செங்குத்தாகக் கீழிருந்து மேலே ஏற்றி வெல்டு செய்வது பிள்ளைகளுக்குக் கைவர, ஒவ்வொருவருக்கும் டஜன் கணக்கில் இணைப்புகள் வேண்டும். ஓர் இணைப்புக்கு 10 மில்லிமீட்டர் கனத்தில், 150க்கு 100 அளவில் இரண்டு தகடுகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் 30 டிகிரி சாய்வாகச் சீவவேண்டும், அடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். கடையில் வாங்கினால் பயிற்சிச் செலவில் பெரும்பங்கை இரும்பே தின்றுவிடும். நீங்கள் மிஞ்சிய தகடுகளை அந்த அளவுக்கே உங்கள் கில்லட்டின் என்ற தகடு வெட்டும் இயந்திரத்தில் வெட்டி, கட்டுக்கட்டாக அடுக்கி அனுப்புகிறீர்கள். கால்வனைஸ் செய்த தகட்டைப் பிரித்து, அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து விடுகிறீர்களே, அதன் அருமை புகை பட்டவர்களுக்குத்தான் தெரியும். துத்தநாகப் பூச்சு எரிந்த புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் போலவே நடுக்கம் வரும், உடல் வலிக்கும், நாவில் இரும்புச் சுவை நிற்கும். தாய் ஃப்ளூ என்று நினைத்துச் சூப் வைத்துக் கொடுப்பார். பிள்ளை மறுநாளும் அதே தகட்டின் முன் போய் உட்காரும்.

உங்கள் தரப்பரிசோதனைக் கூடத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸை வெள்ளிக்கிழமை மதியம் எங்களுக்கு விட்டுத்தந்ததும் பெரிய உதவி. வெல்டு செய்த தகட்டிலிருந்து பட்டையாக அறுத்து, வெல்டின் அடிப்பக்கமான வேரும் மேற்பக்கமான முகமும் மாறி மாறி வெளிப்பக்கம் வரும்படி வளைத்துப் பார்க்கிறோம். வளைந்த பரப்பில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளந்தால் தோல்வி. மேலே மீன் செதில் போல அழகாக வந்திருந்த வெல்டு, வேரில் உருகாமல் விட்டிருந்தால், பிரஸ்ஸின் அடியில் வாய்பிளக்கும். நாங்கள் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பதை அந்த ஒரு சத்தம் சொல்லிக்கொடுத்துவிடும்.

இனிக் கணக்கர்களுக்கு. கம்பெனி உதவுவதும் உதவாமல் போவதும் பாதி உங்கள் மேசையில்தான் தீர்மானமாகிறது. வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, அனுமதி பெற்ற பொதுநல அமைப்புக்குத் தரும் நன்கொடையைக் கம்பெனி தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். வேலையில்லாதவர்களை வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சியும் அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. பணமும் பொருளும் கணக்கில் வரும், இலவசமாகச் செய்த சேவை வராது. ஃபோர்மேன் தந்த மணிநேரத்துக்கு 18ஏ ரசீது கேட்காதீர்கள் என்று உங்கள் மேலாளர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொன்னது எங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியது. 2023 மார்ச் 1 முதல் ரசீதில் நன்கொடையாளரின் வரி எண்ணும் பதிவு எண்ணும் வேண்டும். நாங்கள் கேட்கும்முன்பே அனுப்பியவர்களுக்கு நன்றி.

பெரிய தொகை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டும் எந்தக் கம்பெனியும் திறன் மேம்பாட்டு லெவி என்ற வரியாக அதில் 1 சதவீதம் ஏற்கெனவே கட்டுகிறது. பணியிடத் திறன் திட்டத்தையும் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் செட்டாவிடம் (அந்தந்தத் தொழில்துறையின் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பு) கொடுத்தால், கட்டியதில் 20 சதவீதம் திரும்பி வரும். கொடுக்காத சின்னப் பட்டறைகள் நிறைய. எங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து அந்தப் படிவங்களை நிரப்பிக்கொடுத்த கணக்கர் அம்மாவுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். திரும்பிவந்த தொகையைக் கையுறைக்கும் தோல் அங்கிக்கும் என்று அவர்கள் எங்களுக்கே தந்தார்கள்.

வருமானவரிச் சட்டத்தின் 12எச் பிரிவு தரும் சலுகையையும் சொல்லவேண்டும். செட்டாவில் பதிவான பயிற்சி ஒப்பந்தம் ஒன்றுக்கு, பயிற்சி தேசியத் தகுதி நிலை 1 முதல் 6 வரை இருந்தால், ஆண்டுக்கு 40,000 ராண்டும், முடித்தால் இன்னொரு 40,000 ராண்டும் கம்பெனி வருமானத்திலிருந்து கழிக்கலாம். பயில்பவர் மாற்றுத்திறனாளி என்றால் அது 60,000. இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள், அது செட்டாவில் பதிவானதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஆண்டு முடிவில் ஐடி180 படிவம் நிரப்பும்போது பதிவுக் கடிதம் இருக்காது, சலுகையும் போய்விடும். அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனி பயிற்சியே வேண்டாம் என்றுவிடும். பதிவுக் கடிதம் கைக்கு வரும்வரை வாரந்தோறும் போன் செய்தீர்கள். அதனால்தான் உங்கள் கம்பெனி இந்த ஆண்டும் எங்களோடு இருக்கிறது.

கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி கம்பெனிகளுக்குப் போடும் மதிப்பெண்ணில், சமூகப் பொருளாதார மேம்பாட்டுப் புள்ளிக்கு வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதம் இலக்கு, பயனடைபவர்களில் முக்கால் பங்கினராவது கறுப்பினத்தவராக இருந்தால் முழு மதிப்பு. எங்கள் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறோம்: 2003ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம். எங்கள் பட்டறையில் பக்கத்து உம்லாசிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே மேசையில்தான் தகடு சீவுகிறார்கள், அப்படித்தான் இருக்கவேண்டும்.

டாக்சிக் காசு தந்தவர்களை மறக்கமாட்டோம். உம்லாசியிலிருந்தோ சாட்ஸ்வர்த்தின் உட்பகுதியிலிருந்தோ தொழிற்சாலைக்குப் போக இரண்டு டாக்சி (பலர் சேர்ந்து போகும் வேன்) மாறவேண்டியிருக்கிறது. உதவித்தொகை மாதக் கடைசியில் வரும், டாக்சிக்காரர் முதல்நாள் காலையிலேயே காசு கேட்பார். பயிற்சியைவிட்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான், சோம்பலால் அல்ல. முதல் நான்கு வாரக் கட்டணத்தை வாரத்துக்கு ஒருமுறை முன்பணமாகத் தர ஒத்துக்கொண்டீர்கள். இந்த நாட்டில் 2024 முதல் காலாண்டில் 15 முதல் 24 வயது வரையானவர்களில் வேலையின்மை 59.7 சதவீதம். அந்த வயதுப் பிள்ளை வீட்டில் கடன் கேட்க ஆளில்லாமல்தான் வருகிறது.

ஃபோர்மேன் அண்ணாமார்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தகுதிபெற்ற தொழிலாளராவதற்கான தொழில்தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் கைத்திறனை ஒருவரும் பார்ப்பதில்லை, முதலில் பணிப்பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் தேதியும், தகுதிபெற்ற தொழிலாளரின் கையெழுத்தும் வேண்டும். மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டால், கையெழுத்திடவேண்டியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், அந்த மாதங்கள் கணக்கில் சேராது. புதன்கிழமை தேநீர் இடைவேளையில் பதிவேடு பார்ப்பது என்று நீங்களே வழக்கமாக்கிவிட்டீர்கள். வேலை நெருக்கடியிலும் ஒரு புதனும் தவறவில்லை. டிசம்பரில் தொழிற்சாலை மூடும்போது பயில்பவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே பொது வழக்கம். பாய்லரும் குழாயும் கன்வேயரும் திறந்து கிடப்பது அந்த மூன்று வாரத்தில்தான், பராமரிப்பு வெல்டிங் கற்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பிள்ளைகளை அப்போது உடன் வைத்துக்கொண்டவர்கள், ஓர் ஆண்டில் காணமுடியாத வேலையை அவர்களுக்குக் காட்டிவிட்டீர்கள்.

வெளிநாட்டுத் தலைமையகம் உள்ள கம்பெனி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2015இல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.6, வேலையும் படிப்பும் பயிற்சியும் இல்லாத இளைஞர்களின் விகிதத்தைக் குறைப்பது பற்றியது. ஆண்டறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே 'பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர்' என்று போடுவது எளிது. ஒருநாள் பட்டறைக்கு வந்து தேநீர் குடித்துப்போனவரும் அதில் ஒருவராகிவிடுவார். 'முடித்து ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்' என்று கேள்வியை மாற்றும்படி நாங்கள் கேட்டோம், தலைமையகத்தோடு பேசி மாற்றித்தந்தீர்கள். எண்ணிக்கை சிறிதாகும் என்று தெரிந்தே மாற்றினீர்கள். அதற்குப்பின்தான் பின்தொடர்ந்து போன் செய்ய ஓர் ஆளுக்குச் சம்பளம் தரும் வழி வந்தது.

மண்டபத்து அக்காமாரே, வெறும் வயிற்றோடு தோல் அங்கி போட்டு வெப்பத்தின் முன் நிற்கமுடியாது. இருபத்தைந்து பேருக்கு இரண்டரைக் கிலோ சுகர் பீன்ஸை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் கறியாக்கி, நடுவைக் குடைந்த குவார்ட்டர் (கால் பங்கு) ரொட்டிக்குள் ஊற்றித் தந்தீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை பட்டினியாக யாரும் ராடு பிடிக்கவில்லை.

இந்த மாதக் கடைசி வெள்ளி, மதியம் இரண்டு மணிக்கு, வளைவுச் சோதனையைப் பார்க்க எல்லோரும் வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தகட்டைத் தானே பிரஸ்ஸில் வைக்கும். மூடிய காலணி போட்டு வாருங்கள். நைலான் உடுப்பு வேண்டாம், பருத்திதான் பாதுகாப்பு. பாதுகாப்புக் கண்ணாடிகள் வாசலில் இருக்கும்.

நன்றியுடன்,
வெல்டிங் பயிற்சிப் பட்டறைக் குழுவினர்,
சாட்ஸ்வர்த், டர்பன்