அதிபரின் கட்சியிலிருந்தே எதிர்த்தவருக்கு

மதிப்பிற்குரிய வால்ட்டர் ஜோன்ஸ் அவர்களுக்கு,

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்த நீங்கள், 2019 பிப்ரவரியில், உங்கள் 76ஆவது பிறந்தநாளன்றே காலமாகிவிட்டீர்கள். இது உங்களிடம் வந்து சேரப்போவதில்லை. போரில் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் போட்ட மனிதர் என்பதால், கடிதமாகவே எழுதத் தோன்றியது.

உங்களை உலகம் அறிந்தது உருளைக்கிழங்கு வறுவலால். ஈராக் போருக்கு பிரான்ஸ் ஒத்துவரவில்லை என்ற கோபத்தில், 2003 மார்ச்சில் நாடாளுமன்ற உணவகத்தில் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’ என்றிருந்ததை ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று மாற்ற வைத்தவர்களில் நீங்களும் ஒருவர். சிறுபிள்ளைத்தனம்தான், வேறென்ன சொல்ல? அடுத்த மாதமே உங்கள் தொகுதியிலுள்ள லெஜூன் மரைன் படை முகாமில் ஓர் இறுதிச் சடங்கு. இறந்தவர் தனது இரட்டைக் குழந்தைகளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர் எழுதிய கடைசிக் கடிதத்தை மனைவி வாசித்தார். அப்புறம்தான் உங்கள் அலுவலக வாசலில் இறந்த வீரர்களின் படங்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

நான் பேச வந்தது 2007 பற்றி. ஜனவரி 10ஆம் தேதி, ஈராக்குக்கு மேலும் 20,000க்கும் அதிகமான வீரர்களை அனுப்பப்போவதாக உங்கள் கட்சியின் அதிபர் புஷ் அறிவித்தார். அதை ஏற்கவில்லை என்று பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. சட்ட பலம் எதுவும் இல்லாத வெறும் தீர்மானம். நிறைவேறினாலும் ஒரு சிப்பாயின் பயணத்தைக்கூட அது நிறுத்தியிருக்காது. அதற்கே என்ன நெருக்கடி! அதை ஆதரித்து ஓட்டுப் போட்டால் களத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கைவிட்டதாக ஆகும் என்றார்கள். வியட்நாமில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த சாம் ஜான்சனை உங்கள் கட்சி கடைசியாகப் பேச வைத்தது. அவர் பட்ட பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரை அந்த நேரத்தில் நிறுத்தியது, மற்றவர்களின் வாயை அடைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16ஆம் தேதி 246க்கு 182 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. உங்கள் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் 17 பேர். மறுநாள் மேலவையான செனட்டில் 56 பேர் ஆதரித்தும், விவாதத்தை நகர்த்த 60 வேண்டும் என்பதால் அங்கேயே நின்றுபோனது. வீரர்கள் போனார்கள்.

சரி, தீர்மானத்துக்குக் கை தூக்குவது ஒருவகையில் சுலபம். காசை நிறுத்துவதுதான் கஷ்டம். மார்ச் 23ஆம் தேதி, படைகள் திரும்பக் கெடு வைத்த நிதி மசோதா வந்தபோது அந்தப் 17 பேர் எங்கே போனார்கள்? உங்கள் கட்சியில் ஆதரித்தது இரண்டே பேர். நீங்கள், அப்புறம் மேரிலாந்தின் வெய்ன் கில்கிறெஸ்ட். புஷ் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். மே மாத இறுதிக்குள் கெடு இல்லாத பணம் அதே சபையில் நிறைவேறிவிட்டது.

‘பிள்ளைகளைக் கைவிடுகிறார்’ என்ற பேச்சு உங்களிடம் எடுபடாமல் போனதற்குக் காரணம் உங்கள் தொகுதிதான் என்று எனக்குப் படுகிறது. போகிறவர்களை வழியனுப்பி, வந்து சேரும் பெட்டிகளையும் பார்த்தவரிடம் அந்தப் பாட்டைப் பாடி என்ன பயன்? 2002இல் போருக்கு ஓட்டளித்ததை நினைத்து நீங்கள் வருந்தியதை எல்லோரும் அறிவார்கள். அந்த வருத்தம் மார்ச் 23 வரை உங்களைக் கொண்டுபோனது. அதே வருத்தம் உள்ளுக்குள் இருந்தும் பணத்துக்குத் தலையாட்டியவர்கள் இரு கட்சியிலும் இருந்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வியட்நாமில் சண்டையிட்ட முன்னாள் மரைன் படை வீரரான கில்கிறெஸ்ட், 2008 பிப்ரவரியில் சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். சில மாதங்களில் அதே சோதனை உங்களுக்கும் வந்தது, நீங்கள் ஜெயித்தீர்கள். முகாம் வாசலில் குடியிருக்கும் மக்கள் உங்களை மன்னித்தார்களா, இல்லை ஆரம்பத்திலிருந்தே உங்கள் பக்கம்தான் இருந்தார்களா?

இப்படிக்கு,
உங்கள் ஓட்டுகளைப் பின்தொடர்ந்த ஒருவன்