புது ரோலர் கோஸ்டர் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

மார்த்தாண்டத்திலிருந்து உங்கள் டிராவல்ஸ்காரன் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக அலுவலக போனில் வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "கொச்சி வொண்டர்லா பார்க்கில் புதுசா பெரிய ரோலர் கோஸ்டர் வருதாமே, அது திறந்த பிறகு போவோமா, இல்ல இந்த லீவுக்கே போவோமா?" பள்ளிக்கூட டீச்சர்கள் கேட்கிறார்கள், சண்டே ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அண்ணன்மார் கேட்கிறார்கள், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்லி போனை வைப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கல்லூரிக் குழுவைக் கேரளத்தில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். "அங்கே புது கோஸ்டர் ஓட ஆரம்பித்துவிட்டது" என்று வாட்ஸப்பில் ஒரு படம் வந்திருந்தது, நானும் விசாரிக்காமல் "ஆமா, போனவுடன் ஏறலாம்" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி 11 மணிக்குப் புறப்பட்டு, கொச்சிக்கு முன்னால் அரூர் பக்கம் மேம்பால வேலை நடந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்று, விடிந்து போய்ச் சேர்ந்தால் அப்படி ஒன்றும் அங்கே இல்லை. ஒரு மாணவி அந்தப் படத்தை வாசலில் நின்ற ஊழியரிடம் காட்டினாள். அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, தூணுக்குக் கீழே இருந்த போர்டைக் காட்டினார். அதில் இருந்தது ஜப்பான் எழுத்து. அந்தப் பிள்ளைகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆளுக்கு 200 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் தப்பு எங்களுடையது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன், இப்போது எனக்கே இதில் பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பூங்காக்காரர்கள் தாங்களே அறிவிக்கிற வரை "புது ரைடு பயணம்" என்று சொல்லி யாரிடமும் முன்பணம் வாங்க மாட்டோம். அதற்காக என்ன வரும் என்று யூகிக்கக் கூடாது என்றில்லை. எதை வைத்து யூகிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் அங்கே இப்போது இருப்பதைப் பாருங்கள். கொச்சியில் பெரிய கோஸ்டர் என்றால் ரீகாயில். நிலையத்திலிருந்து வண்டியைப் பின்பக்கமாக இழுத்து ஒரு மேட்டில் ஏற்றி விட்டுவிடுவார்கள். அது பாய்ந்து இறங்கி, நிலையத்தைத் தாண்டி, மூன்று தடவை தலைகீழாகப் புரண்டு எதிர்மேட்டில் ஏறி நிற்கும். அப்புறம் அதே பாதையில் பின்னோக்கி, இன்னும் மூன்று தடவை. முதுகு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாமல் வருகிற அந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் தாங்க மாட்டார்கள். இது வெகோமா என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் பூமராங் என்கிற மாதிரி, உலகம் முழுக்கப் பல ஊர்களில் இதே அளவில் நிற்கிறது. உயரம் சுமார் 116 அடி. நம் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. பாலத்தின் நடுவில் நின்று கீழே பறளியாற்றை எட்டிப் பார்த்திருப்பீர்களே, அந்த உயரத்திலிருந்து பின்பக்கமாக இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் குழுக்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன், உடனே பிடிபட்டுவிடும்.

இந்த ரீகாயில் வொண்டர்லாவின் பெங்களூர் பூங்காவிலும் இருக்கிறது, ஹைதராபாத் பூங்காவிலும் இருக்கிறது. ஒரு பூங்காவில் நன்றாக ஓடியதை மற்ற பூங்காக்களுக்கும் கொண்டுபோவது அவர்கள் பழக்கம். யூகத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் பிடி அதுதான்.

இரண்டாவது, சென்னை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தார்கள், அதில் தஞ்சோரா என்று ஒரு கோஸ்டர். பெயரே தஞ்சாவூரிலிருந்து வந்தது, நம் ஊர்ப் பெயர் ஒன்று அப்படி ஒரு ரைடின் மேல் இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபில்லார்ட் செய்தது. இதில் தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் கீழே தொங்கிக்கொண்டு போவோம், காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. இந்த வகையை அந்த நிறுவனம் முதன்முதலில் 1992இல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஒரு பூங்காவில் கொண்டுவந்தது. நம் நாட்டுக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே நிறுவனத்தின் இன்னொரு கோஸ்டர், நைட்ரோ, மும்பை–புணே சாலையில் கோப்போலியில் இமாஜிகா பூங்காவில் 2013 முதல் ஓடுகிறது. அதில் தண்டவாளம் கீழேதான், ஆனால் இருக்கைக்கு அடியில் தளம் இருக்காது, கால் அதிலும் தொங்கும். உயரம் சுமார் 40 மீட்டர், அதாவது பீடத்தோடு சேர்த்து நம் வள்ளுவர் சிலை.

"அப்போ கொச்சிக்கும் தஞ்சோரா மாதிரி ஒன்று வந்துவிடும்தானே?" என்று குளச்சல் அக்கா ஒருவர் கேட்டார். உடனே வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024இல் புவனேஸ்வரில் ஒரு பூங்கா, 2025இல் சென்னையில் ஒன்று என்று அடுத்தடுத்து பெரிய பணம் இறக்கியிருக்கிறார்கள். புது வீடு கட்டி முடித்தவன் அடுத்த மாதமே பழைய வீட்டுக்கு மாடி எடுக்க மாட்டான், கொஞ்சம் மூச்சு வாங்குவான். இடம் இல்லாமல் இல்லை. 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் பள்ளிக்கரையில் தொடங்கிய அந்தப் பூங்காவுக்கு மொத்தமாக 90 ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு, பூங்காவாக மாறியது அதில் ஒரு பகுதிதான். அதனால் "இடம் இல்லை, அதனால் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணமும் நேரமும்தான் கணக்கு.

என் யூகத்தைச் சொல்லிவிடுகிறேன். கொச்சிக்கு அடுத்து வரப்போவது பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஏறுகிற நடுத்தர கோஸ்டராகத்தான் இருக்கும். தலைகீழாகப் புரட்டாது, ஆனால் நல்ல வேகம், நல்ல வளைவுகள். ஏன் இப்படி நினைக்கிறேன் என்றால், எங்கள் வேனில் வருகிறவர்களைப் பார்த்துத்தான். பெரிய ரைடுகளுக்குப் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தொடுவார்கள்?

தக்கலையிலிருந்து வந்த ஒரு பையன் ஞாபகம் வருகிறது. வழி முழுக்க, களியக்காவிளை தாண்டியதிலிருந்து, ரீகாயில் வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தான். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். உயரக் கம்பிக்கு அடியில் போய் நின்றதும் குதிகாலை மெல்லத் தூக்கினான், ஊழியர் அவன் தோளில் கைவைத்து அன்பாக "காலை இறக்கு மோனே" என்றார். இரண்டு விரல் குறைவு. அவன் அழவில்லை, கையில் வைத்திருந்த மஞ்சள் தொப்பியை மட்டும் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்களோடு திரும்பி நடந்தான். அந்த விதி சரியான விதி. தோளையும் இடுப்பையும் பிடிக்கிற கம்பி அந்த உயரத்துக்கு மேற்பட்ட உடம்புக்காகச் செய்தது, சிறிய உடம்பு அதில் சரியாகப் பொருந்தாது, யாரும் அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த மாதிரிப் பிள்ளைகள் ஒரு பேருந்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். பூங்கா நடத்துகிறவர்களும் இதைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே. 120 சென்டிமீட்டருக்கு ஒரு நல்ல கோஸ்டர் வைத்தால் அன்றைக்கே வரிசை நிரம்பிவிடும்.

சென்னைக்கு அடுத்தது என்ன என்றால், அங்கே என் பந்தயம் சங்கிலி இல்லாத கோஸ்டர் மேல். பழைய முறையில் சங்கிலி வண்டியை மேலே இழுக்கும், கட கட என்று ஒரு சத்தம் வரும். அது வண்டி பின்னால் வழுக்கிவிடாமல் பிடிக்கிற கொக்கியின் சத்தம், அது கேட்கிற வரை பயப்பட ஒன்றுமில்லை. புது முறையில் மின்காந்த விசையால் தரைமட்டத்திலிருந்தே வண்டியை நாலைந்து நொடியில் பாய வைக்கிறார்கள். அபுதாபியில் 2010 முதல் ஓடுகிற ஃபார்முலா ரோசாவில் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிற ஹைட்ராலிக் முறை, மணிக்கு 240 கிலோமீட்டர். ரியாத் பக்கம் கித்தியாவில் 2025 முடிகிற நேரத்தில் திறந்த ஃபால்கன்ஸ் ஃப்ளைட் 250 கிலோமீட்டரில் பாய்கிறது, உயரம் 195 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து வள்ளுவர் சிலை. அங்கே வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்து கதை சொல்கிறார்கள், இங்கே இருக்கிற தம்பிமாருக்கு ஏக்கம். அவ்வளவு பெரியது நமக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த மின்காந்த முறையில் சின்ன அளவில் ஒன்று வருவதற்கு நேரம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மரத்தாலான கோஸ்டர் வருமா என்றும் சிலர் கேட்டார்கள். கடலோரக் காற்றிலும் மழையிலும் மரத்தைப் பராமரிப்பது எவ்வளவு பாடு என்பது பழைய ஓட்டு வீட்டில் உத்திரம் மாற்றியவர்களுக்குத் தெரியும், அதனால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதெல்லாம் யூகம்தான். உண்மையிலேயே வருகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்க்கிறது இரண்டு மூன்று விஷயம். வொண்டர்லா 2014 முதல் பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனம், பெரிய செலவு செய்தால் காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளர்களிடம் பேசும்போது எப்படியும் வாயில் வரும். அதை வாட்ஸப் படத்தைவிட நூறு மடங்கு நம்பலாம். அப்புறம், கோஸ்டர் என்பது ராட்டினம் மாதிரி லாரியில் வந்து இறங்கி இரண்டு நாளில் நிற்கிற பொருள் இல்லை. மண்டைக்காட்டுக் கொடைக்கு வருகிற ராட்டினம் கொடை முடிந்ததும் போய்விடும், இது தூணுக்குத் தூண் அஸ்திவாரம் போட்டு நிற்பது. ஆர்டர் கொடுத்ததிலிருந்து ஓடுகிற வரை ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிவிடும். தூண் எழும்பியதைக் கண்ணால் பார்த்தாலும் உடனே ஏற முடியாது. மனிதர்களுக்குப் பதிலாக தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து, ஆள் எடைக்கு நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்மை ஏற்றுவார்கள். பூங்காவில் ஒரு கோஸ்டரில் அந்தத் தண்ணீர் பொம்மைகள் உட்கார்ந்து சுற்றுவதை என்றைக்காவது நீங்கள் பார்த்தால், அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள்.

"கன்னியாகுமரியிலேயே ஒன்று வைக்கலாமே" என்று கேட்கிற அண்ணாச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. எனக்கும் அந்த ஆசை நிறைய உண்டு. இங்கே தண்ணீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது, ஆனால் பெரிய கோஸ்டர் வேறு கதை. உப்புக் காற்றில் குளச்சலில் ஜன்னல் கம்பிக்கே வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம். முப்பந்தலில் காற்றாலை நிற்கிற ஊர் இது, பலத்த காற்று வீசினால் கோஸ்டரை நிறுத்தியே ஆக வேண்டும், நமக்கோ இரண்டு பருவமழை வேறு. கடலோரத்திலேயே கோஸ்டர் ஓடுகிற ஊர்கள் வெளிநாட்டில் உண்டு, ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊருக்கு வருகிறவர்கள் சூரிய உதயம் பார்த்து, பாறைக்குப் படகில் போய், 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் போட்டோ எடுத்து, அன்றைக்கே அல்லது மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். ஒரு முழு நாள் ஒதுக்குகிற கூட்டம் வருகிற வரை யாரும் அந்தப் பணத்தைப் போட மாட்டார்கள்.

அதனால் இந்த வருஷத்துக்கு நான் சொல்வது இது. வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை இருந்தால் காத்திருக்க வேண்டாம், கொச்சிக்கு இந்த லீவுக்கே போங்கள், மழை பிடிப்பதற்கு முன்னால். இடி மின்னல் வந்தால் பெரிய ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், ஜூனில் போய் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கோஸ்டருக்காகவே போகிற தம்பிமார் சென்னைக்குத் தஞ்சோராவுக்குப் போகலாம். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயில், அங்கே காலையில் வண்டி நாங்கள் பிடித்துத் தருகிறோம், வேனில் எழுநூறு கிலோமீட்டர் உட்கார்ந்து போய் அன்றைக்கே தலைகீழாகப் புரள வேண்டாம். பிள்ளை இன்னும் சிறிசு என்றால், இரண்டு வருஷம் பொறுத்தாலும் நஷ்டமில்லை. பிள்ளை வளர்ந்திருக்கும், என் யூகம் சரியாக இருந்தால் ரைடும் வந்திருக்கும்.

முன்பணம் கட்டியிருந்து, புது கோஸ்டருக்காகத் தள்ளிப்போட விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், தேதி மாற்றத்துக்குப் பணம் எதுவும் பிடிக்க மாட்டோம்.

இன்னொன்று, அலுவலகக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் 120க்கும் 140க்கும் நீலப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், அளவு டேப் வைத்து இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டது. பதிவு செய்ய வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். எந்த ரைடில் ஏறலாம், எதில் முடியாது என்று வண்டி புறப்படும் முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். அந்தத் தக்கலைப் பையன் போன வாரம் அவன் அம்மாவோடு வந்து நின்று பார்த்தான். கோட்டுக்கு மேலே ஒரு விரல் இருக்கிறான். அடுத்த கொச்சி வண்டியில் ஜன்னல் சீட் அவனுக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ்,
மார்த்தாண்டம்