புதுச்சேரி எம்எல்ஏக்களுக்கு: எங்க தெருவுக்கு ஒரு கவுன்சிலர் வேணும்

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் உழவர்கரை நகராட்சில குடியிருக்கேன், 1989ல பொறந்தவ. எம்எல்ஏ எலக்‌ஷன், எம்பி எலக்‌ஷன் எதையும் விட்டதில்ல, ஆனா கவுன்சிலருக்குன்னு ஒரு தடவ கூட ஓட்டு போட்டதில்ல. 1968ல நடந்துச்சாம், அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006ல நடந்துச்சு, அப்ப எனக்கு 17 வயசு. அதுல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011ல முடிஞ்சதோட சரி. 2021ல தேதி அறிவிச்சாங்க, இட ஒதுக்கீடு விஷயமா கோர்ட்டுக்கு போய் அப்படியே நின்னு போச்சு.

நம்ம ஊர்ல 30 தொகுதி, சுமார் பத்து லட்சம் ஓட்டு, அதாவது ஒரு எம்எல்ஏவுக்கு முப்பதாயிரம் பேர் சொச்சம், நேரா வீட்டுக்கே போயி பாத்துடலாமே கவுன்சிலர் எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பாக்கலாம்தான். எங்க அம்மாவும் முதியோர் பென்ஷனுக்காக காலைல ஏழு மணிக்கே போயி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு முன்னாடி தெருவிளக்குக்கு ரெண்டு பேர், வாய்க்கா அடைப்புக்கு நாலு பேர், ஸ்கூல் சீட்டுக்கு ஒருத்தர். இது அத்தனையும் எம்எல்ஏ பாக்கணும்னா பட்ஜெட்ட எப்ப படிப்பீங்க, சட்டசபைல கேக்க வேண்டிய கேள்விய எப்ப தயார் பண்ணுவீங்க? தெனமும் பேப்பர தொறந்தா யு டைப் வாய்க்காலுக்கு எம்எல்ஏ பூமி பூஜை போட்ட போட்டோ. அந்த வேலைய குறைச்சு சொல்லல, எங்களுக்கு அது அவசியம், ஆனா அது வார்டு மெம்பர் நிக்க வேண்டிய எடம்.

தமிழ்நாட்டுல ஸ்டாலின் 1996ல சென்னை மேயர், அதே சமயம் ஆயிரம் விளக்கு எம்எல்ஏவும் கூட. ஒருத்தர் ரெண்டு பதவில இருக்கக் கூடாதுன்னு 2002ல சட்டம் போட்டாங்க, அவர் மேயர் பதவிய விட்டார். ரெண்டுக்கும் தனித்தனியா ஓட்டு வாங்கினவர் கதை அது. இங்க ஒரு ஓட்டுதான் வாங்குறீங்க, ரெண்டு வேலையும் உங்க தலைல. மிச்சத்த நகராட்சி கமிஷனரும் ஆபீசர்களும் பாக்குறாங்க, அவங்கள அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துற உரிம எங்களுக்கு இல்ல.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே 1880லேந்து மேரிக்கு, அதான் நகராட்சி மன்றத்துக்கு, எலக்‌ஷன் நடந்த ஊரு இது. பெரிய மார்க்கெட்டுக்கும் பீச் ரோட்டுக்கும் யாரு பேர வெச்சிருக்கோமோ அந்த எதுவார் குபேர் முதல்ல புதுச்சேரி மேயர், அப்புறம்தான் 1963ல முதலமைச்சர். 2014 மழைல இடிஞ்சு விழுந்த மேரி கட்டடத்த பழையபடியே திருப்பி கட்டிட்டோம், அதுக்குள்ள உக்கார வேண்டிய கவுன்சில் மட்டும் இன்னும் வரல.

ஃபெஞ்சல் புயலப்போ, 2024 நவம்பர் 30, ஒரே நாள்ல 48 செ.மீ கிட்ட மழை. எங்க தெருல முட்டி அளவு தண்ணி, கரண்ட் இல்ல, போன் சார்ஜ் இல்ல. எங்க தெருல மகளிர் குழு நடத்துற ஒரு அக்கா நைட்டிக்கு மேல ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வீடா கதவத் தட்டுனாங்க, எந்த வீட்ல படுத்த படுக்கையா தாத்தா இருக்கார், எந்த வீட்ல கைக்குழந்த, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. மாடி வீட்டுக்காரங்ககிட்ட பேசி நாலு குடும்பத்த மேல ஏத்திவிட்டாங்க, மத்தியானத்துக்குள்ள சோறு வந்துச்சு. அந்த அக்கா எந்த கட்சியும் இல்ல. கடலூர்ல இருந்திருந்தா 2022 பிப்ரவரில மாநகராட்சியா ஆகி முதல் எலக்‌ஷன் நடந்துச்சே, 45 வார்டு, பாதி பெண்களுக்கு, அதுல நின்னிருப்பாங்க. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம் கூட ஆகாத ஊரு. என் தங்கச்சி அங்கதான் வாக்கப்பட்டிருக்கா, குழாய்ல தண்ணி வரலன்னா அவ வார்டு கவுன்சிலருக்குத்தான் போன் போடுறா.

இங்க எங்க அக்கா மாதிரி ஆளுங்க எங்கேந்து அரசியலுக்கு வருவாங்க? நேரா எம்எல்ஏ சீட்டுக்கு நிக்க அவங்ககிட்ட பணமும் இல்ல, சொல்லி சீட்டு வாங்கித்தர ஆளும் இல்ல.

அடுத்த கூட்டத்தொடர்ல உங்கள்ல யாராவது எழுந்து, இட ஒதுக்கீட்டு வேலை எந்த அளவுல இருக்கு, எலக்‌ஷன் எந்த மாசம்னு கேளுங்க, வர்ற பதில எங்களுக்கும் சொல்லுங்க. நகராட்சிக்கு மட்டும் இல்ல, கிராமப் பக்கத்த பாக்குற கொம்யூன் பஞ்சாயத்துக்கும் சேத்து. போன வாரம் அந்த அக்காகிட்ட நிப்பீங்களான்னு கேட்டேன். "தேதிய சொல்லச் சொல்லுடி மொதல்ல"ன்னாங்க.

இப்படிக்கு,
உழவர்கரை வாக்காளர் ஒருத்தி