அக்காவுக்கு, புத்தகம் அச்சுக்குப் போகிறது

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுத வேண்டியதாகிவிட்டது. முடிவெடுத்துவிட்டேன். மலேசியாவின் சபா மாநிலத்தில் மே 30, 31-இல் வருகிற அறுவடைத் திருநாளுக்குள், நீங்கள் படம் வரைந்த நம் பிள்ளைகள் புத்தகம் வந்துவிடும். உங்களுக்காகக் காத்திருந்தது போதும்.

"தீபகற்பத்துப் பேராக்கில் பிறந்த நாம் இரண்டு பேர் யார், வடக்குச் சபாவின் பழங்குடிகளான ருங்குஸ் மக்களின் கதையைத் தொட" என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான், இல்லையென்று சொல்லவில்லை. 1959-இல் வந்து அவர்களோடு தங்கி எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் ஜார்ஜ் அப்பெல்லை வேறு இழுத்தீர்கள், அவர் எழுதியது ஆராய்ச்சியாளர்களுக்குப் போயிற்று, ஊர்ப்பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று. அதையேதான் நானும் சொல்கிறேன். பிள்ளைகள் கைக்கு எதுவும் வராதவரை, நாம் விலகி நிற்பதால் மட்டும் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. அவர்கள் ஊரான மத்துங்கோங் பக்கம் நான் பாடம் எடுத்தபோது வகுப்பு அலமாரியில் இருந்த படப் புத்தகங்களில் பனிமனிதன் இருந்தான், நரி இருந்தது. மலைநெல் இல்லை, பாக்கு இடிக்கிற பாட்டி இல்லை, சுமங்காப் கிராமத்தில் தகரத்தைத் தட்டித் தட்டிக் கோங் என்கிற வாத்தியம் செய்கிற சத்தமும் இல்லை. இதை உங்களிடம் பல தடவை சொல்லியாயிற்று, விடுகிறேன்.

நாம் அந்தக் கதையைக் கேட்ட திண்ணையைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். யார் வீடு, எந்தக் கிராமம் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரித்துவிட்டுக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தார், குடாட் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மணி. பிள்ளைகளுக்கு ருங்குஸிலும் நமக்காக நடுநடுவே மலாயிலும் கதை போய்க்கொண்டிருந்தது. பஞ்சம் வந்தது, சாப்பிட ஒன்றுமில்லை, படைத்த தெய்வமான கினோரிங்கான் தன் ஒரே மகள் ஹுமினோடுனைப் பலி கொடுத்தார். கடசான், டூசுன் என்று அந்தப் பக்கத்து மக்கள் பலரும் சொல்கிற கதைதான். நமக்கு வயிற்றைக் கலக்குகிற இடம் அது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் பிள்ளைகள் அந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சதை? நெல். தலை? தேங்காய். எலும்பு? மரவள்ளி. பல்? சோளம். கால்விரல்? இஞ்சி. பாட்டி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர்கள் கத்தினார்கள். முன்பல் விழுந்த பொடியன் ஒருவன் தன் வாயைத் தொட்டுக் காட்டி "என் சோளம் எங்கே?" என்றதும் திண்ணையே சிரித்தது. கடைசியில் அந்தச் சின்னப் பெண் தன் கால்முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பாட்டியைப் பார்த்தாள். பாட்டி அவள் கையை விலக்கி, மணி கோக்கிற விரலால் முட்டியில் ஒரு தட்டுத் தட்டி, கிழங்கு என்றார். அவள் அழவில்லை, பெருமையாக எல்லோரையும் பார்த்தாள். நீங்கள் அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டீர்கள். அந்த வேகத்தில் நீங்கள் வரைந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தக் கதையைத்தான் "மகள் ஒளியாக மாறி வயலில் கலந்தாள்" என்று மாற்றித் தரச் சொன்னார்கள். சொன்னவர் யாரென்று எழுத மாட்டேன், நல்ல மனிதர், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை அக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன், அவ்வளவுதான். நீங்கள் அதற்குள் கோபித்துக்கொண்டு ஒரு பக்க மின்னஞ்சலை எல்லோருக்கும் போட்டுவிட்டு வெளியேறிவிட்டீர்கள். உங்களுக்கு அது சுலபம், உங்களுக்கு வேறு வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அப்புறம் அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து பலியை விட்டால் கதையே இல்லை என்று வாதாடியது நான் ஒருத்திதான். நீங்கள் மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களைத் தடுக்கவில்லை என்பதற்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு, ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். அங்கே இன்றைக்கு நிறையக் குடும்பங்கள் தேவாலயத்துக்குப் போகிறவை. பழைய தெய்வத்தின் கதை பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பைக்குள் போவதில் சில பெரியவர்களுக்கு விருப்பமில்லை. அவர்களிடமும் பேசினேன். என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும்.

சரி, நீங்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கதையை எடுத்துக்கொள்கிறோம் என்று பேசிய உங்கள் முதல் படங்களில் சமைக்கிறவர், விறகு சுமக்கிறவர், ஆற்றில் குளிக்கிற பிள்ளை வரைக்கும் எல்லோருக்கும் தோளில் குறுக்கே பினாகோல் மணிப்பட்டை, கையில் பித்தளை வளையம்! எல்லோரும் மூங்கில் நெடுவீட்டில்தான் இருந்தார்கள், நெடுவீடு காட்டுகிற பவாங்காசோ கிராமத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போகிற விளம்பரம் மாதிரி. நாம் போன வீட்டுக்குத் தகரக் கூரை, வாசலில் மோட்டார் சைக்கிள், கொடியில் பள்ளிச் சீருடை. அந்தப் பிள்ளைகள் போட்டிருந்தது கார்ட்டூன் டீ-சர்ட். இதை நான் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து டீ-சர்ட்டோடு வரைந்து அனுப்பினீர்கள், ஒரு வார்த்தையும் இல்லாமல். உங்களிடம் எனக்குப் பிடித்ததும் எரிச்சலூட்டுவதும் அதுவேதான்.

இப்போதைய ஏற்பாடு இது. ருங்குஸ் வரிகள் மேலே பெரிய எழுத்தில், மலாய் கீழே சின்னதாக. ருங்குஸை எழுதுவது அந்த ஊர் ஆசிரியை, அட்டையில் அவர் பெயரும் பாட்டியின் பெயரும் வரும், இருவரும் சம்மதித்துவிட்டார்கள். நம் இரண்டு பேர் பெயரும் பின்பக்கம், பொடி எழுத்தில். விற்கிற பணத்தில் பாட்டி குடும்பத்தின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். தமிழில் போடுவது அப்புறம் பார்க்கலாம், சபாவில் தமிழ்ப்பள்ளியே கிடையாது, அவசரம் ஒன்றுமில்லை. பலி கொடுக்கிற பக்கம் இருக்கும், ஒளி கிளியெல்லாம் இல்லை. உங்கள் பெயர் வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன், ஆனால் அதை நீங்கள் எனக்கு எழுதித் தர வேண்டும், அந்த மின்னஞ்சலை நான் கணக்கில் எடுக்கப்போவதில்லை.

முட்டிப் பக்கத்தின் அசல் உங்களிடம்தான் இருக்கிறது. என்னிடமுள்ள ஸ்கேனில் பாட்டியின் விரல் மங்கலாக விழுந்திருக்கிறது, அச்சுக்கு ஆகாது. கூரியர் செலவு என்னுடையது. மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள்.