எட்டுதானே பெரிசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தை தானே செய்து பார்த்துத்தான் அறிவைக் கட்டிக்கொள்கிறது என்றார் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, 2005 தேசியக் கலைத்திட்டமும் அதையே சொன்னது, நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றலும் வந்தது, சரி. ஆனால் என் மகள் வகுப்பில் பின்னம் என்றால் இன்னமும் கரும்பலகையில் ஒரு வட்டம்தான். வீட்டில் தோசையைக் காட்டி, நாலில் ஒன்று வேண்டுமா எட்டில் ஒன்றா என்று கேட்டேன். "எட்டுதானே பெரிசு, அதையே குடுங்கப்பா" என்றாள். நீயே பிய்த்துப் பார் என்றேன். எட்டில் ஒரு துண்டைக் கையில் எடுத்தவள் என்னைப் பார்த்து முறைத்தாள். இப்படித் தப்பாகச் சொல்லிப் பார்க்க வகுப்பில் நேரமே இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் பாடம் முடிந்ததா என்று மட்டும் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

– ஒரு தந்தை, திருச்சி