ஜீன் சரியாக இருந்தும் ஹார்மோன் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில், ஹார்மோன் ஏன் சுரக்காமல் போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. 'அந்த ஹார்மோனுக்கான ஜீன் பழுதாகியிருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

ஜீனில் ஒரு குறையும் இல்லாமலே ஹார்மோன் நின்றுபோகலாம். அதைக் காட்டிக்கொடுத்தது பழ ஈ. எங்கள் பக்கம் மட்டிப்பழம் கொஞ்சம் கூடுதலாகக் கனிந்துவிட்டால், சிவந்த கண்ணோடு குலையைச் சுற்றி வருமே, அந்தக் குட்டி ஈதான். பள்ளியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பழத்தை மசித்துப் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வளர்ப்போம். புழு கண்ணாடிச் சுவரில் ஏறி, அசையாமல் நின்று, கூட்டுப்புழுவாகும். அந்த மாற்றத்துக்கு உத்தரவு போடுவது எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன். 1954-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பியூட்டெனன்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 25 மில்லிகிராம்.

ஈயின் புழுவில் இதைத் தயாரிப்பது மூளையை ஒட்டியுள்ள ஒரு சிறு சுரப்பி. பூச்சிகளால் கொலஸ்டிராலைச் சொந்தமாகச் செய்ய முடியாது. தீனியில் வருவதைத்தான், வேதிமாற்றம் செய்யும் புரதங்களான என்சைம்கள் படிப்படியாக எக்டைசோனாக மாற்றுகின்றன. அவற்றில் ஒரு என்சைமுக்கான ஜீன் ஸ்பூக்கியர். பாண்டம், ஷேடோ என்று மற்றவற்றுக்கும் பேய்ப் பெயர்கள்தான். ஈ ஆராய்ச்சிக்காரர்களின் குறும்பு.

ஜீனைப் பார்த்து எழுதப்படும் ஆர்.என்.ஏ. நகலை வைத்துத்தான் என்சைம் தயாராகும். அந்த நகலில் வேண்டாத துண்டுகள் இடையிடையே கிடக்கும். சக்கைப்பழத்தில் நாரை நீக்கிச் சுளையை எடுப்பதுபோல அவற்றை நீக்கிவிட்டு, மீதியை வரிசை மாறாமல் ஒட்ட வேண்டும். இதுதான் ஸ்பிளைசிங். இதைக் கண்டுபிடித்த ஷார்ப், ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வெட்டி ஒட்டும் கூட்டத்தின் நடுநாயகமான பிஆர்பி8 என்ற புரதத்தை அந்தச் சுரப்பியில் மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். ஸ்பூக்கியர் ஜீன் பத்திரமாக இருந்தது. ஆனால் அதன் ஆர்.என்.ஏ. சரியாக வெட்டப்படவில்லை. என்சைம் இல்லை, ஹார்மோனும் இல்லை. புழு கூட்டுப்புழுவாக முடியாமல் நின்றது. எக்டைசோன்லெஸ் என்ற இன்னொரு புரதத்தைக் குறைத்தபோதும் இதே கதைதான். அப்புறம், வெட்டி ஒட்டத் தேவையே இல்லாத ஸ்பூக்கியர் நகலைக் கொடுத்தபோது வளர்ச்சித் தடை நீங்க அது உதவியது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிச் சோதனைதான். கோளாறு எந்தப் படியில் என்பதை அது சந்தேகமில்லாமல் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் பிஆர்பி8-இன் ஜீன் பழுதானாலும் ஜீன் பழுதுதானே என்று கேட்பீர்கள். சரி, ஆனால் அது ஹார்மோனுக்கான ஜீன் இல்லையே! மனிதருக்கும் இந்தப் புரதம் உண்டு. அதன் ஜீன் கெட்டால் வருவது விழித்திரையை மெல்ல அழிக்கும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவின் ஒரு வகை. உங்கள் பதிலை மட்டும் படித்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்?

இன்னொன்று. பதிலோடு நீங்கள் போட்டிருந்த படம் பாகற்காயைத் துளைத்து முட்டையிடும் ஈ. விவசாயிகள் அதையும் பழ ஈ என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது வேறு குடும்பம். அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.