பொருள்: 6000 வேகம் என்று விற்ற கணினி ரேமை 4800 வேகத்தில் சோதித்து "பழுதில்லை" என்று திருப்பி அனுப்பியது தொடர்பாக

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேர் எண், வாட்ஸ்அப், மின்னஞ்சல், சென்னை சர்வீஸ் சென்டர் என்று ஒன்று விடாமல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போகிற இடமெல்லாம் புதிதாக ஒரு டிக்கெட் எண் தருகிறார்கள். பழைய டிக்கெட்டில் நான் பக்கம் பக்கமாக எழுதியதை அடுத்தவர் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, மறுபடியும் "சார், ரேமைக் கழட்டி மாட்டிப் பாத்தீங்களா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வெறுத்துவிட்டது. தயவுசெய்து நீங்களாவது கடைசி வரை படியுங்கள்.

என்னிடம் இருப்பது உங்கள் 32 ஜிபி டிடிஆர்5 கிட், 16-ஆக இரண்டு ஸ்டிக், 6000 சிஎல்30 எக்ஸ்போ மாடல். எக்ஸ்போ என்பது ரேமை 6000 வேகத்தில் ஓட்ட நீங்களே அதில் எழுதி வைத்த ப்ரொஃபைல், அதை ஆன் செய்யாவிட்டால் 4800-இல்தான் ஓடும். பில், சீரியல் எண், படம் எல்லாம் முன்பே அனுப்பியவைதான், மறுபடியும் இணைத்திருக்கிறேன். ப்ராசசர் ரைசன் 7 7700, மதர்போர்டு பி650. அந்த போர்டில் ஓடும் என்று சோதித்த ரேம்களின் க்யூவிஎல் பட்டியலில் உங்கள் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். எக்ஸ்போவை ஆன் செய்தால் விண்டோஸ் வருகிறது, ஆனால் கேம் பாதியில் மூடிக்கொள்கிறது, இல்லையென்றால் மெமரி மேனேஜ்மென்ட் என்று ப்ளூ ஸ்கிரீன். எக்ஸ்போவை ஆஃப் செய்து 4800-க்கு இறங்கினால் ஒரு தொல்லையும் இல்லை.

நான் செய்யாத சோதனை இல்லை. போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸுக்குப் புதிய பதிப்பு போட்டேன். சிமாஸ் கிளியர் செய்து பயோஸ் செட்டிங்கையெல்லாம் அழித்துப் பார்த்தேன். பழைய ரேம் செட்டிங்கையே மறுபடி எடுத்துக்கொள்ளும் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் டிராம் விளக்கு எரிய எரிய போர்டு ரேமைச் சோதித்துச் செட் செய்யும் ட்ரெய்னிங் முடியும் வரை கருப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்குகள் இரண்டு ஸ்டிக்குக்கு உரிய ஏ2, பி2 ஸ்லாட்டில்தான் இருக்கின்றன. ப்ராசசரில் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.25 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தேன். 2023-இல் சில ரைசன் ப்ராசசர்கள் கருகிய பிரச்சினைக்கு அப்புறம் 1.3-க்கு மேல் போகக்கூடாது என்று வந்த வரம்பு எனக்குத் தெரியும், அதைத் தாண்டவே இல்லை. அப்புறம் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியாகப் போட்டு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டினேன். ஒன்று எக்ஸ்போவிலேயே ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு எரர் இல்லை. இன்னொன்றை அதே ஸ்லாட்டில் போட்டால் சில நிமிடத்தில் சிவப்பாகக் கொட்டுகிறது. ஸ்லாட்டை மாற்றினால் எரரும் அந்த ஸ்டிக்கோடு சேர்ந்தே போகிறது. நண்பர் ஒருவரின் மெஷினில் போட்டோம், அங்கேயும் அதே கதைதான். இதற்கு மேல் ஒரு ஸ்டிக் பழுது என்று நிரூபிக்க நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

இத்தனையையும் எழுதிக் கொடுத்து, கிட்டையும் கொடுத்த பிறகு, உங்கள் ஆட்கள் திருப்பி அனுப்பிய அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு வரி: "நோ ஃபால்ட் ஃபவுண்ட்". அதோடு ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் ரேம் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 2400 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும் என்பதால் இரண்டால் பெருக்கினால் 4800. அதாவது எக்ஸ்போவை ஆன் செய்யாமலேயே டெஸ்ட் ஓட்டியிருக்கிறீர்கள்! 4800-இல் ஓடுகிறது என்று நானே முதல் மெயிலிலேயே எழுதியிருந்தேனே ஐயா. ஃபேன் 5-இல் வைத்தால் கடகடக்கிறது என்று கொடுத்தால், 1-இல் சுற்றவிட்டுப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது கொடுப்பார்களா? ரேம் தயாரிக்கும் கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே செய்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்த கவுன்டரில் இருந்தவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேர் தெரியாது, பேட்ஜ் போட்டிருக்கவில்லை, கேட்டதற்கும் சொல்லவில்லை. நான் டெஸ்ட் ரிசல்ட் பிரின்ட்டை நீட்டினால் வாங்கிக்கூடப் பார்க்காமல், "ஓவர்க்ளாக் பண்ணி ரேமக் கெடுத்துட்டு இங்க வந்து நிக்கிற, 4800-ல ஓடுதுல்ல, கேம் ஆட அது போதாதா உனக்கு" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நிறைய பேர் நின்றார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாரண்டி கேட்டு வந்தவனை நீ, வா, போ என்று பேச உங்கள் கம்பெனி சொல்லிக் கொடுத்ததா? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஓவர்க்ளாக், அதாவது அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினேன் என்கிறாரே, அந்த 6000 நான் கையால் தட்டிய எண்ணா? டைமிங், 1.35 வோல்ட் எல்லாவற்றையும் நீங்கள்தான் அந்த ஸ்டிக்கின் செட்டிங்கைச் சேமிக்கும் எஸ்பிடி சிப்பில் எழுதி, பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 6000 என்று அச்சடித்து, 4800 கிட்டைவிடக் கூடுதல் விலை வைத்து விற்றீர்கள். நான் பயோஸில் ஆன் செய்தது நீங்கள் எழுதி வைத்த ப்ரொஃபைலை மட்டும்தான். போனில் இன்னொருவர், அந்தப் ப்ராசசருக்கு அதிகாரப்பூர்வமாக 5200 வரைதான், அதற்கு மேல் எங்கள் பொறுப்பில்லை என்றார். சரி, 5200-க்கு இறக்கியும் பார்த்துவிட்டேன். அந்த ஸ்டிக் அங்கேயும் எரர் தருகிறது, கொஞ்சம் நேரம் கூட ஆகிறது, அவ்வளவுதான். இதற்குப் பதில் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு, எல்லோருக்கும் அனுப்பும் அதே நான்கு வரிப் பதில் வந்தது.

முதல் தடவை நடந்ததையும் சொல்ல வேண்டும். பழுதான ஸ்டிக்கை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று கஸ்டமர் கேரில் சொன்னதை நம்பி, வேலையை விட்டுவிட்டுக் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் ஏறினேன். ரிச்சி தெரு பக்கத்தில் சென்டரைக் கண்டுபிடித்துப் போனால் லஞ்ச் டைம் என்று வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கூப்பிட்டதும், "கிட்டா வாங்கினா கிட்டாத்தான் எடுப்போம், ரெண்டும் கொண்டு வாங்க". ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்கு ஒரு நாள் சம்பாத்தியமும் போய், ரயில் காசும் போய், வெறும் கையோடு வீடு திரும்பினேன்.

இது கேம் ஆடுகிறவனின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இதே மெஷினில்தான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன். இந்த ரேமால் ஒரு முழுக் கல்யாணத்தின் ப்ராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போய், பெண் வீட்டுக்காரர்கள் மீதிப் பணமே தரவில்லை, ஊர் முழுக்க என் பெயரையும் கெடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வர வேண்டிய ஆர்டர்களையும் சேர்த்தால் லட்சக்கணக்கில் நஷ்டம். என் தொழிலே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலாளர் அவர்களே, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. உங்கள் கம்பெனி ரேமை இதற்கு முன்பும் வாங்கியிருக்கிறேன், நன்றாக ஓடியது, நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். பெட்டியில் லைஃப்டைம் வாரண்டி என்று போட்டிருக்கிறீர்கள், அதைத்தான் கேட்கிறேன். ஒன்று, அந்த ஸ்டிக்கைத் தனியாக, எக்ஸ்போ ஆன் செய்து 6000-இல், என் கண் முன்னால் டெஸ்ட் செய்யுங்கள். இல்லையென்றால் புது கிட் மாற்றிக் கொடுங்கள். பழைய பில் விலையைத் திருப்பித் தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில் அந்தக் காசுக்கு இதே கிட் எங்கே கிடைக்கும்? கவுன்டர்காரர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ரயில் செலவையும் கொடுக்க வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவாகும். அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலூர் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் இருக்கும் ஊரிலேயே போடலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே நின்று பேசலாம். நீங்கள் அனுப்பிய அந்த 2400 ஸ்கிரீன்ஷாட்தான் அங்கே என் முதல் ஆவணம். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் இன்னமும் கேட்டுக்கொள்கிறேன்.

கிட் என்னிடம்தான் இருக்கிறது. இந்த முறை கூரியர் உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளட்டும், நான் சென்னைக்கு வரமாட்டேன். டெஸ்ட் செய்வதைப் பார்க்க வீடியோ கால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி